வீட்டுப் பட்டறை

“மோட்டார் ஷெட்டில் காரைச் சற்று ஒதுக்கி நிறுத்தினால் ஒரு மூலை மிஞ்சுகிறது. அதில் இரும்பு வேலைக்கும் ரிப்பேருக்கும் ஒரு சிறு பட்டறை வைத்துக்கொள்ள ஆசை. முதலில் எந்த யந்திரம் வாங்கலாம்?” என்று கேட்கும் நேயர்கள் உண்டு. ஆசை மிக நல்ல ஆசை. கேள்விதான் சற்றுத் தலைகீழாக நிற்கிறது. முதலில் எந்த யந்திரமும் வாங்க வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். பெண் பார்ப்பதற்கு முன்பே மேளக்காரருக்கு அச்சாரம் கொடுப்பானேன்?

இரும்பு வேலை எதுவாயினும் மூன்று காரியங்களில் அடங்கும்: பொருளை அசையாமல் பிடிப்பது, சரியாக அளப்பது, வேண்டாததை நீக்குவது. யந்திரமானது மூன்றாவது காரியத்தைத் துரிதப்படுத்துமே யொழிய, முதல் இரண்டையும் நமக்காகச் செய்து தராது. பிடிப்பும் அளவும் கைவராதவர் யந்திரம் வாங்கினால், முன்பு மெதுவாகக் கெடுத்த சாமானை இனி வேகமாகக் கெடுப்பார், அவ்வளவே வித்தியாசம்.

ஆகவே முதற் செலவு வைஸுக்கு. வாய் அகலம் 100 மில்லிமீட்டர், அதாவது 4 அங்குலம், உள்ளது வீட்டுக்குப் போதும். பழைய இரும்புக் கடையில் வாங்குவதில் இழுக்கொன்றும் இல்லை. ஆனால் உடலில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு காகிதத் துண்டை வைத்து இறுக்கினால், இரண்டும் ஒரே மாதிரி பிடிபட வேண்டும். அதைத் தாங்கும் மேஜை கனத்த மரத்தால் ஆனதாய், சுவரோடு போல்ட்டால் பிணைக்கப்பட்டதாய் இருக்கட்டும். மேஜை ஆடினால் அரமும் ஆடும். வைஸின் வாய், வேலை செய்பவர் நிமிர்ந்து நிற்கையில் அவரது முழங்கை மட்டத்துக்கு வரவேண்டும். பித்தளை போன்ற மெல்லிய உலோகத்தைப் பிடிக்கும்போது, தழும்பு விழாமலிருக்க இரு அலுமினியத் தகடுகளை மடித்து வாயில் போட்டுக்கொள்வது வழக்கம்.

அடுத்த செலவு அளவுக் கருவிகளுக்கு. ஓர் எஃகு ஸ்கேல், ஒரு மூலைமட்டம், கோடு கீற ஒரு கூரிய எஃகு முள், துளையின் மையத்தைக் குறிக்க ஒரு சென்டர் பஞ்ச், ஒரு வெர்னியர் காலிப்பர்: இவை போதும். பியேர் வெர்னியே என்ற கணித அறிஞர் 1631-இல் பிரஸ்ஸெல்ஸ் நகரில் வெளியிட்ட யுக்திதான் இன்றும் நம் கையில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூடக் கணித்துச் சொல்கிறது.

பிறகு அறுக்க ஒரு ஹாக்ஸா, அராவ நான்கு அரங்கள். ஹாக்ஸா பிளேடின் பற்கள் முன்னோக்கி இருக்க வேண்டும். கெட்டியான இரும்புக்கு அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேடு. சாதாரணக் குழாய்க்கு 24. மெல்லிய தகட்டுக்கு 32. எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது உலோகத்தின்மேல் படிந்திருக்க வேண்டும்; இல்லையேல் பல் உதிரும். அரங்களில் தட்டை, அரைவட்டம், உருண்டை, முக்கோணம் என ஒவ்வொன்று போதும். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துக. பின்னுக்கு இழுக்கையில் அழுத்தினால் பல் மழுங்கும். பிடி போடாத அரத்தைத் தொடவே கூடாது. அதன் வால்முனை உள்ளங்கையில் பாய்ந்துவிடும். 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி நடக்கும் ஐ.டி.ஐ.களில், பிட்டர் வகுப்பு மாணவன் முதலில் பழகுவது இந்த அறுப்பும் அராவலும்தான். லேத் அப்புறம்தான் வருகிறது.

வீட்டு ரிப்பேரில் பாதிக்கு மேல் மரை சம்பந்தப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. மனிதருக்கு மரை கழன்றால் நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. இரும்புக்குக் கழன்றால் மருந்துண்டு. டேப் என்னும் கருவியால் புது மரை வெட்டலாம். அதற்கு முன் போட வேண்டிய துளையின் அளவு, போல்ட்டின் விட்டத்திலிருந்து மரைக்கு மரை உள்ள இடைவெளியைக் கழித்தால் வரும். விட்டம் 6, இடைவெளி 1 என்றால் துளை 5 மில்லிமீட்டர். டேப்பை அரைச் சுற்று முன்னே திருப்பி, கால் சுற்றுப் பின்னே திருப்பினால் சுருள் முறிந்து உதிரும். அவசரப்பட்டு ஒரே மூச்சாகத் திருப்புகிறவர், டேப்பைத் துளைக்குள்ளேயே முறித்துவிட்டு விழிப்பார். இரும்புக்கு எண்ணெய் விட வேண்டும். வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் வேண்டாம்.

இவ்வளவும் கைவந்த பிறகு யந்திரம் வாங்கலாம். முதலில் ஸ்டாண்டுடன் கூடிய டிரில்லிங் மெஷின், பிறகு கிரைண்டர், அதன்பின் வெல்டிங், எல்லாவற்றுக்கும் கடைசியில், ஆசையும் இடமும் இருந்தால், சிறு லேத். துளை பெரிதாக ஆக வேகம் குறைய வேண்டும் என்பதை மறக்கலாகாது. சாதாரண இரும்பில் 5 மில்லிமீட்டர் துளைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 1,600 சுற்று தகும் என்றால், 10 மில்லிமீட்டருக்கு 800 போதும்.

இனி மிக முக்கியமான விஷயம். ஷெட்டில் கார் நிற்கிறது. அதில் பெட்ரோல் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழும். ஆகவே கிரைண்டரையோ வெல்டிங்கையோ தொடுமுன், காரையும் பெயின்ட், தின்னர் டப்பாக்களையும் வெளியேற்றிக் கதவை அகலத் திறக்க வேண்டும். கிரைண்டர் வட்டின்மேல் அது தாங்கும் வேகமும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும். அவற்றைப் படியாமல் மாட்டலாகாது. மேல்மூடியைக் கழற்றவே கூடாது. படிக்கிற மூக்குக் கண்ணாடி கண்ணைக் காக்காது. பக்கவாட்டிலும் மூடும் காப்புக் கண்ணாடி வேண்டும். சுழலும் டிரில்லின் அருகே வேஷ்டி நுனி, மேல்துண்டு, புடவைத் தலைப்பு, அவிழ்ந்த பின்னல், கையுறை எதுவும் கூடாது. துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். மின்சாரத்துக்கு நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் சாதனமும் அவசியம்.

வீட்டில் தொடக்கூடாத ரிப்பேர்களும் உண்டு. பிரஷர் குக்கரின் வால்வு, காஸ் குழாய், காரின் பிரேக்: இம்மூன்றிலும் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

“படித்த பிள்ளை கையில் எண்ணெய்க் கறையா?” என்று முகம் சுளிக்கும் பெரியோர் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். கோவை ஜி. டி. நாயுடு (1893–1974) அவர்கள் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிப் பார்த்தே யந்திர ஞானம் பெற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டியவர். அந்தக் கறை அவருக்கு இழிவாகவில்லை.

கீல் ஒன்று தேய்ந்ததற்காகக் கதவையும், மரை ஒன்று போனதற்காக மின்விசிறியையும் குப்பையில் எறியும் காலம் இது. எறிவதால் போவது பணம் மட்டுமன்று. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று அறியும் ஆவலும் அதனோடு போகிறது. அந்த ஆவல் சிறுவயதில் அணைந்தால் பிறகு மூட்டுவது அரிது. ஆகவே வைஸ் வந்து சேர்ந்த அன்றே, பிள்ளையாயினும் பெண்ணாயினும், வீட்டிலுள்ள குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடியை மாட்டி, ஒரு சிறு இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, நான்கு பக்கமும் மூலைமட்டத்துக்குச் சரியாக அராவச் சொல்லுங்கள். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியாத வரைக்கும் அராவட்டும். பொறுமை என்பது என்ன என்று அதற்குமேல் நாம் விளக்க வேண்டியதில்லை.