மாடு சிவப்பாகச் சிறுநீர் கழித்தால்...

பூனாகலைத் தோட்டங்களில் ஒரு பசு என்றால் பிள்ளைகளுக்குப் பால், வீட்டுக்கு மாதச் செலவு. அது ஒருநாள் சிவப்பாகச் சிறுநீர் கழித்தால், 'சூடு பிடித்திருக்கிறது' என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராதீர்கள். உடனே மிருக வைத்தியருக்கு ஆளனுப்புங்கள்.

அவர் வருமுன், சிறுநீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஆடாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால், சிறுநீர்ப் பாதையில் இரத்தக் கசிவு. தெளியாமல் முழுவதும் சிவந்தே நின்றால், பெரும்பாலும் உடலுக்குள் இரத்த அணுக்கள் உடைகின்றன.

உண்ணிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் இப்படிச் செய்யும். மூன்றாவது, ஈரலில் பிறக்கும் நோய். 1926இல் அமெரிக்காவின் நெவாடாவில் வோட்டர், ரெக்கார்ட்ஸ் என்ற இருவர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மேய்ச்சலோடு உள்ளே போன கிருமி ஈரலில் உறங்கிக் கிடக்கும். ஈரற்புழு குடைந்த இடத்தில் அது விழித்து நஞ்சைக் கக்கும். கடுங்காய்ச்சல், கூனிய முதுகு, நடக்க மறுப்பு. ஓரிரு நாளில் மரணம்.

உண்ணிக் காய்ச்சலை இரத்தப் பூச்சுப் பரிசோதனை காட்டிவிடும். இந்நோயைத் தொடக்கத்திலேயே சந்தேகித்தால் பெனிசிலின் காப்பாற்றக்கூடும். இறந்த மாட்டின் ஈரலில் கருஞ்சிவப்பு விளிம்போடு வெளிறிய திட்டு இருந்தால் ஐயமில்லை.

எலிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும்; வெறுங்கையால் சிறுநீரைத் தொடாதீர்கள். சாகப்போகிறதே என்று அவசரமாக அறுத்து விற்காதீர்கள். செத்ததை ஆழப் புதையுங்கள். சதுப்போரப் புல்லைத் தவிர்த்து, வைத்தியர் சொல்லும் காலத்தில் ஈரற்புழு மருந்து கொடுங்கள்.