ஹெல்மட்டுக்குள் ஹெட்செட்: விற்பவருக்கும் வேலை வாங்குபவருக்கும் சில வார்த்தைகள்

மலையக நகரங்களில் கைத்தொலைபேசி உதிரிப் பொருட்களும் மோட்டார் சைக்கிள் சாமான்களும் விற்கும் கடைகளுக்குப் புதிதாக ஒரு பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. ஹெல்மட்டுக்குள் பொருத்தும் ப்ளூடூத் ஹெட்செட்தான் அது. காதுக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய ஸ்பீக்கர், வாய்க்கு நேரே ஒரு சிறிய மைக், ஹெல்மட்டின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் பற்றரிப் பெட்டி, அவ்வளவுதான். வயர் இல்லாமல் தொலைபேசியுடன் இணைந்து கொள்கிறது. பாட்டுக் கேட்கலாம், வருகின்ற அழைப்புக்குப் பதில் சொல்லலாம், வழிகாட்டும் மெப்பின் குரலையும் கேட்கலாம். கொரியாவின் சேனா போன்ற பெயர் பெற்ற கம்பனிகளின் பொருளை வாங்குவது நம் பகுதி இளைஞர்களுக்கு எட்டாத காரியம். ஆனால் பெயர் தெரியாத சீனப் பொருட்கள் சில ஆயிரம் ரூபாவுக்கே கிடைப்பதால் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் இதைத் தேடி வருபவர்கள் கூடிவிட்டார்கள்.

வியாபாரி என்ற முறையில் எனக்கு இதில் சந்தோஷப்பட வேண்டிய காரணம் இருக்கிறது. இடம் பிடிக்காத பொருள், பழுதாகிப் போகாத சரக்கு, இலாபமும் பரவாயில்லை. என்றாலும் நமது பாதைகளில் இதைப் பாவிப்பது பற்றி நமது வர்த்தக சமூகம் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். காரணம், இதை விற்பவர்கள் நம்மில் பலர். இதைப் போட்டுக்கொண்டு ஓடுபவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் நம்மில் பலர்.

வாங்குபவர் யார்?

எனது கடைக்கு வருபவர்களை வைத்துச் சொல்வதானால், மூன்று வகையினர் இதை வாங்குகிறார்கள். முதலாவது, தீபாவளி முற்பணம் கையில் கிடைத்ததும், அல்லது கொழும்பில் வேலை செய்து லீவில் வந்ததும் வாங்கும் தோட்டத்து இளைஞர்கள். இவர்களுக்குப் பாட்டுத்தான் முக்கியம். இரண்டாவது, பொருள் விநியோகம் செய்பவர்களும் லீசிங், நுண்கடன் தவணை வசூலிக்கப் போகும் பிள்ளைகளும். மூன்றாவது, பிஸ்கட், சவர்க்காரம், தேயிலைப் பக்கற், தொலைபேசி அட்டை என்று கடை கடையாக ஓர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதிகள்.

பின்னைய இரண்டு வகையினரும் பாட்டுக்காக வாங்குவதில்லை. “நானா, மொதலாளி கோல் எடுத்தா உடனே பேசணும். நிப்பாட்டி நிப்பாட்டிப் பேசினா பொழுதுக்குள்ள ரூட் முடியாது” என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். இந்தப் பதிலைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹெல்மட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே தொலைபேசியைச் செருகிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பேசியபடி ஓடுபவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் ஹாண்டில் என்று ஓடுபவர்களும் உண்டு. அதோடு ஒப்பிட்டால் ஹெட்செட் எவ்வளவோ மேல். கையில் பிடித்துப் பேசுவது சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் அதைவிட மேலானது என்பதற்காக ஒரு பொருள் நமது பாதைக்குப் பொருத்தமானது ஆகிவிடாது.

நமது பாதையில் காதின் வேலை

இந்தப் பொருள் நீண்ட நெடுஞ்சாலைகளில் ஓடுபவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மணித்தியாலத்துக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் நேராக ஓடுபவருக்குக் காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. அந்த இடத்தில் ஸ்பீக்கர் மறைப்பது பெரும்பாலும் காற்றின் சத்தத்தைத்தான்.

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா வரும் ஏ7 வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் ஏ5 வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனைப் பக்கம் போகும் பாதைகளையும், அங்கிருந்து டிவிஷன்களுக்கு இறங்கும் தோட்டப் பாதைகளையும் பாருங்கள். நேரான துண்டு எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பஸ்ஸோ கொழுந்து லொறியோ வளைவுக்கு முன்னால் அடிக்கும் ஹோன் சத்தம்தான் நமக்குக் கிடைக்கும் முதல் தகவல். பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டால் நேராகத் தெரிகின்ற பத்து மீற்றரும் இல்லாமல் போகும். அப்போதும் காதுதான் வேலை செய்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடுகிறது. எதிரே 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் 8 மீற்றர் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து செக்கனுக்கு 19 மீற்றர் நெருங்குகின்றன. வளைவில் 40 மீற்றர் தூரம்தான் தெரிகிறது என்றால், கண்டதிலிருந்து இருப்பது இரண்டு செக்கன் மாத்திரமே. அதற்குள் பிறேக் பிடிக்க வேண்டும், ஓரம் எடுக்க வேண்டும். ஈரப் பாதையில் சறுக்காமலும் இருக்க வேண்டும். பஸ்ஸின் ஹோனை முன்கூட்டியே கேட்டிருந்தால் இன்னும் சில செக்கன் கிடைத்திருக்கும். அந்தச் சில செக்கனைத்தான் பாட்டு எடுத்துக்கொள்கிறது.

ஹோன் மட்டுமல்ல. இறக்கத்தில் பின்னால் வரும் லொறியின் எஞ்சின் சத்தம், நமது வண்டியின் செயினும் பிறேக்கும் போடும் சத்தம், மழை நாளில் மேட்டிலிருந்து கல் உருளும் சத்தம், “அங்கால போகாதீங்க, மண் சரிஞ்சி கெடக்கு” என்று பாதையோரத்தில் நிற்பவர் போடும் கூச்சல், எல்லாம் காதால் வருபவை.

நமது பாதையின் சுபாவம் எப்படிப்பட்டது என்பதை நாடே அறியும். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒரு வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி இறம்பொடை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். இவற்றுக்கும் ஹெட்செட்டுக்கும் சம்பந்தமில்லை. பெரிய வாகனங்களுக்கே மன்னிப்பில்லாத பாதை இது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுக்கு 2,000க்கும் அதிகமானோரை வீதி விபத்துகள் கொண்டுபோகும் நாட்டில், மோட்டார் சைக்கிளில் போகின்றவர்களே அதிகம் பலியாகிறார்கள்.

“கார்க்காரர் கண்ணாடியை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்கவில்லையா?” என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கார்க்காரர் ஒரு ஹோனைத் தவறவிட்டால் நான்கு சக்கரமும் ஒரு இரும்புக் கூடும் அவரைக் காக்கின்றன. மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கு அந்த ஹெல்மட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

கை சும்மா இருந்தால் போதுமா?

பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுவதற்கு மட்டும் பாவித்தால் சரிதானே என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் பேச்சு பாட்டைவிடக் கெடுதி. பாட்டு நம்மிடம் பதில் கேட்பதில்லை. பேச்சு கேட்கும். கனடாவின் டொரொண்டோவில் வாகனம் ஓட்டுபவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. தொலைபேசியில் பேசும் நேரத்தில் விபத்துக்குள்ளாகும் ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசும் கருவிகளால் பாதுகாப்புக் கூடியதாகத் தெரியவில்லை என்றும் அது சொன்னது. அதன் பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நின்றன. கண் பாதையில் இருந்தாலும் மனம் பேச்சில் இருப்பதால், பார்த்ததே மனதில் பதியாமல் போகிறது என்பதே அவர்கள் கண்டது. இவை கார் ஓட்டுபவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. இரண்டு சக்கரத்தில் சமநிலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு நிலைமை இலேசாகிவிடாது.

வெளிநாடுகளின் சட்டம் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு காதையும் மூடும் ஹெட்செட்டுடன் வாகனம் ஓட்டுவது தடை. பிரான்ஸ் 2015 ஜூலை முதல் காதில் செருகும் இயர்போனைத் தடை செய்தது. ஹெல்மட்டில் பொருத்தும் ஸ்பீக்கரை விட்டுவிட்டது. எனவே “வெளிநாட்டில் விடுகிறார்கள்” என்பதும் “வெளிநாட்டில் தடை” என்பதும் இரண்டும் பாதி உண்மையே. நமது பாதைக்கு எது சரி என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அழைப்பை எடுப்பவர் யார்?

இப்போது அந்த விற்பனைப் பிரதிநிதியின் பதிலுக்கு வருகிறேன். “மொதலாளி கோல் எடுத்தா உடனே பேசணும்.” பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பிள்ளை ஹெட்செட் வாங்குவது தனது வசதிக்காக அல்ல. பதில் வராவிட்டால் சத்தம் போடும் ஒருவருக்காக வாங்குகிறது. சில இடங்களில் கம்பனியே ஹெட்செட் வாங்கிக் கொடுப்பதாகவும் அறிகிறேன். பார்ப்பதற்கு அது அக்கறை போலத் தெரியும். ஆனால் அதன் அர்த்தம், ஓடிக்கொண்டே பேசு என்பதுதான்.

வட்டவளையில் மழையில் நனைந்துகொண்டு வளைவு எடுக்கும் பிள்ளையிடம் “அந்த நாலு பெட்டி என்னாச்சு?” என்று கேட்பதால் என்ன ஆகப் போகிறது? அந்த நாலு பெட்டியின் கணக்கு அடுத்த கடையில் நிறுத்தும்போது கிடைக்கும். எனது கடைக்குச் சாமான் கொண்டு ஓடும் தம்பிமாருக்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். ஓடும்போது தொலைபேசி பையில் இருக்கும். ஒவ்வொரு கடையிலும் நிறுத்திய பின் தவறிய அழைப்புகளைப் பார்த்துத் திருப்பி எடுப்பார்கள். அவசரமென்றால் குறுஞ்செய்தி அனுப்புவேன். இதனால் எனக்கு ஓர்டர் குறைந்ததில்லை. ஒரு ரூட்டில் இருபது கடை என்றால் இருபது தடவை நிறுத்தத்தானே போகிறார்கள்!

தொலைபேசியே வேண்டாம் என்பது எனது வாதமல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டு வீதிகள் துண்டிக்கப்பட்டபோது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற தகவல் எவ்வளவு பெறுமதியானது என்பதை நாம் எல்லோரும் கண்டோம். அந்தத் தகவலைப் பாதையோரம் நிறுத்தி எடுத்தாலும் அதே தகவல்தான்.

விற்பவர் சொல்ல வேண்டியவை

பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது நமக்கு மார்க்கம் கற்றுத்தந்த வியாபார ஒழுங்கு. இந்தப் பொருளில் சொல்ல வேண்டியவை மூன்று இருக்கின்றன.

முதலாவது, ஹெல்மட்டின் உள்ளே இருக்கும் ரெஜிபோம்தான் அடிபடும்போது நசுங்கித் தலையைக் காப்பாற்றுகிறது. ஸ்பீக்கருக்கு இடம் பத்தவில்லை என்று அதைக் கத்தியால் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய ஹெல்மட் தொப்பிக்குச் சமம். ஸ்பீக்கருக்கென்று உள்ளேயே குழி விட்டுச் செய்த ஹெல்மட்டுகள் உண்டு. அப்படிப்பட்டதில் மட்டும் பொருத்துங்கள். இல்லாவிட்டால் பொருத்த முடியாது என்று சொல்லிவிடுங்கள். எஸ்.எல்.எஸ் 517 தர முத்திரையுள்ள ஹெல்மட்டை விற்றுவிட்டு அதே கையால் அதை வெட்டிக் கொடுப்பது நியாயமா?

இரண்டாவது, மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ் 4 என்று போட்டிருந்தால் தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். ஐ.பி 67 என்றிருந்தால்தான் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். எந்த இலக்கமும் இல்லாத பெட்டியை “மழைக்குப் பயமில்லை” என்று சொல்லி விற்கக் கூடாது. காதுக்குப் பக்கத்தில் லித்தியம் பற்றரி இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பில்லும் உத்தரவாதமும் கொடுங்கள்.

மூன்றாவது, பாவனை. மெப்பின் குரலைக் குறைந்த சத்தத்தில், ஒரு காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாட்டும் பேச்சும் வண்டி நின்ற பிறகு. இதை வாயால் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னதால் வாங்காமல் போனவர்களும் உண்டு. அந்த நட்டத்தை நான் நட்டமாகக் கருதவில்லை.

தடை வரும்வரை காத்திருக்கக் கூடாது

வர்த்தகர்களுக்கு 2015 நினைவிருக்கும். குற்றச்செயல்களில் ஈடுபடுபவர்கள் முகத்தை மறைக்கிறார்கள் என்று சொல்லி முழு முகத்தையும் மூடும் ஹெல்மட்டுக்குத் தடை விதிக்கப் பொலிஸார் முயன்றார்கள். கடைகளில் கையிருப்பு நிறைந்திருந்த நேரம். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் விடயம் அத்தோடு நின்றது. தலையை அதிகம் காப்பாற்றும் ஹெல்மட்டே இல்லாமல் போயிருக்கக் கூடிய முடிவு அது. ஹெட்செட் விடயத்திலும் நாலு விபத்து நடந்த பிறகு அவசரமாக ஒரு தடை வந்தால், நல்ல பொருளும் கெட்ட பொருளும் ஒன்றாக அள்ளப்படும். முதலில் நட்டப்படுபவர் சிறிய கடைக்காரராகவே இருப்பார்.

எனவே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வர்த்தக சங்கங்களிடம் எனது வேண்டுகோள் இரண்டு. ஹெல்மட்டை வெட்டிப் பொருத்துவதில்லை என்று கடைக்காரர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். பிரதிநிதிகளையும் விநியோகப் பிள்ளைகளையும் வைத்திருப்பவர்கள், ஓடும் நேரத்தில் அழைப்பதில்லை என்று தங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். இரண்டுக்கும் சட்டமோ செலவோ தேவையில்லை.

ஓர்டர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தால் சாமான் நாளைக்கு அனுப்பலாம். ரூட்டுக்குப் போன பிள்ளை பொழுதுபட்டு வீடு வந்து சேர வேண்டும்.