துரை போனாலும் அதட்டல் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மேலாளர்–ஊழியர் உறவு பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை சம்பளத்தோடு மரியாதையையும் பேசியது மிகச் சரி.

1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கமும் ஒழிய வேண்டும் என்றார்கள். அவர்களுக்குத் துணைநின்ற ஆர்.எச்.நாதனைக் காலனி அரசு நாடுகடத்தியது.

செமினியின் ரப்பர் தோட்டங்கள் பலவும் இன்று தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. ஆனால் அந்த அதட்டல் மாறவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பையன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து கண்ணயர்ந்தால், சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குரல்பதிவு எழுப்பிவிடுகிறது. எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தாலோ வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னும் கேலி. முன்பிருந்த சூப்பர்வைசர் தீபாவளி வாரத்தில் அவரவரைக் கேட்டு ஷிப்ட் போட்டவர். அப்போதெல்லாம் ஆள் குறைந்த நாளில் இதே பையன் தானாகவே ஓ.டி.க்கு நின்றான். சம்பளம் அப்போதும் அதேதான்!

2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தப்படி, வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். இதைத் தொழிற்சாலை ஓய்வறைகளில் மலாயிலும் தமிழிலும் ஒட்டிவைக்க மனிதவள அமைச்சு உத்தரவிடலாம். சூப்பர்வைசராக உயர்த்துமுன் ஆட்களிடம் பேசும் முறைக்கும் நிறுவனங்கள் பயிற்சி தரட்டும்.

இப்படிக்கு,
வாசகர், செமினி, சிலாங்கூர்