அறுக்கறதுக்கு முன்னாடி கழட்டக் கத்துக்குங்க, தம்பிகளா

போன வாரம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பியிருந்தான். "சார், எப்படிங்க சார் இருக்கு? நம்ம பட்டறை வேலைதானுங்க" என்று கீழே ஒரு வரி. இப்போது அவனுக்கு முப்பத்தேழு வயது. பழைய வண்டிகளை வாங்கி, உருவத்தை மாற்றி விற்கிற கடை வைத்திருக்கிறான். உழைப்பாளி. எங்கே என்னைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று வணக்கம் சொல்கிற பையன். அதனால்தான் இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். இல்லாவிட்டால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன்.

முதல் படம் வேலை தொடங்குமுன் எடுத்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அது எங்கள் தலைமை ஆசிரியரின் புல்லட். 1973 மாடல். வடவள்ளியிலிருந்து தினமும் அதில்தான் பள்ளிக்கு வருவார். முழுப் பரீட்சைக் கேள்வித்தாள் கட்டுகள் அதன் கேரியரில்தான் வரும். ஒருமுறை வேப்பமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்த பையனை, அவர் ஓட்ட, நான் பின்னால் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, அதே வண்டியில்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் காலமான பிறகு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வீட்டோடு வண்டியையும் விற்றுவிட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியை அங்கே எடுத்துப்போக முடியுமா?

மிச்ச மூன்று படங்களில் அந்த வண்டி இல்லை. பின்பக்க சேசிஸை அறுத்து, வளைத்த குழாய் ஒன்றை வெல்டிங் வைத்திருக்கிறார்கள். பின் மட்கார்டு காணோம். இரண்டு பேர் சாவகாசமாக உட்காரும் சீட் போய், தோசைக்கரண்டி மாதிரி ஒரு பலகை. முன்னால் இரண்டு சின்ன விளக்குகள் புலிக்கண் போல இருக்குமே, அந்த ஹெட்லைட் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆட்டோ விளக்கு சைசில் ஒன்று. டேங்க் முழுக்க மங்கின கறுப்பு, பொங்கப்பானை அடிப்பக்கம் போல. சைலன்சர் ஒரு முழம்கூட இல்லை. இதற்குப் பெயர் "ரீஸ்டோரேஷன்" என்று படத்தின் மேலேயே எழுதியிருக்கிறது.

ஒரு சொல்லை அதன் பொருளுக்கு எதிராக எழுதினால் நான் முப்பத்தெட்டு வருடம் சிவப்பு மையில் சுழித்தவன். இதையும் சுழிக்கிறேன். ரீஸ்டோர் என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. நீங்கள் செய்திருப்பது வேறு.

உடனே "சார் பழசையே கட்டிக்கிட்டு அழுவுறாரு" என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நானும் ஒரு புல்லட்டை எடுத்துக் கட்டியவன்தான். ஓய்வு பெற்றது 2019-ல். கிணத்துக்கடவில் பெரியப்பா தோட்டத்துச் சாளையில் 1976 மாடல் ஒன்று பதினாலு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கோழி முட்டை வைத்திருந்தது சீட்டுக்கு அடியில். அதை டெம்போவில் ஏற்றி ஆர்.எஸ்.புரம் வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கினபோது வீட்டம்மா கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு எத்தன கோழி குடுத்தாங்க?"

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுக்கிரவார்பேட்டையில் கடை வைத்திருந்து மூடிவிட்ட ஒரு மெக்கானிக் அண்ணன். வயது எழுபத்துநாலு. முதல் நாள் ஒரு ஸ்பேனர்கூட என் கையில் கொடுக்கவில்லை. "ஒரு நோட்டு வாங்குங்க வாத்தியாரே" என்றார். எந்த நட்டு எங்கிருந்து வந்தது, அதன் கீழே எத்தனை வாஷர் இருந்தது, வாஷரின் எந்தப் பக்கம் வெளியே பார்த்தது என்று எல்லாம் எழுதினேன். பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றின வரிசையிலேயே பாகங்களை அடுக்கினோம். சின்னதெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில். வருகைப் பதிவேடு மாதிரி இருந்தது அந்த நோட்டு.

அவசரப்பட்டு ஒரு தப்பும் செய்தேன். அந்தக் கால புல்லட்டின் நட்டுகள் மில்லிமீட்டர் அளவில் இல்லை. இங்கிலாந்துக்காரனின் பழைய விட்வொர்த் அளவு. என்னிடம் இருந்த 14-ஐ போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன், நட்டு ரவுண்டு ஆகிவிட்டது. அண்ணன் திட்டவில்லை. உக்கடத்துப் பழைய இரும்புக்கடைகளில் அரைநாள் அலைந்து விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று கொண்டுவந்து வைத்தார். அதில் "மேட் இன் இங்கிலாந்து" என்று இருந்தது. யாரோ ஒரு மில் மேஸ்திரி வைத்திருந்ததாக இருக்கும். இந்த ஊரில் மூடின ஒவ்வொரு மில்லும் ஒரு பெட்டி ஸ்பேனரை அங்கே அனுப்பியிருக்கிறது.

புஷ்ராடைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. என்ஜின் சூடில்லாமல் இருக்கும்போது, ராடை விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கேஜ் வேண்டாம், மீட்டர் வேண்டாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும். எனக்கு அது பிடிபட ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது, முப்பத்தெட்டு வருடம் பாடம் நடத்தியும் என் விரலுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் விட்டேன் என்று.

என் வண்டியிலும் மாற்றம் உண்டு. ஒளிக்க மாட்டேன். 6 வோல்ட் விளக்கு மின்மினிப்பூச்சி மாதிரி எரிந்தது, 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். இண்டிகேட்டர் வைத்தோம். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தோம். ஆனால் அவ்வளவையும் நாளைக்கே ஒரு மத்தியானத்தில் கழற்றி, பழையபடி ஆக்க முடியும். நான் வைக்கிற கோடு அதுதான். ஸ்பேனரால் மாற்றி ஸ்பேனராலேயே திருப்ப முடிவதை எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், ஆரஞ்சுப் பெயிண்ட் அடித்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். கட்டிங் மெஷினைச் சொருகினால்தான் ஆகும் என்கிற மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

"வண்டி அவனுது, காசு அவனுது, உங்களுக்கென்ன?" என்பார்கள். சரி, காசுக் கணக்கே பார்ப்போம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 புல்லட் கேட்டிருந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லா பாகமும் இங்கேயே ஆகிவிட்டது. டேங்கில் ஓடுகிற அந்தத் தங்கக் கோடு ஸ்டிக்கர் கிடையாது, பிரஷ் பிடித்துக் கையால் இழுத்தது. பிறந்த ஊரில் அந்தக் கம்பெனி மூடின பிறகும் இங்கே தொடர்ந்து ஓடின வண்டி இது. அப்படிப்பட்ட ஒன்றை அறுத்தால், அடுத்தது எங்கிருந்து வரும்? 1973-ஐ இனி யாரும் தயாரிக்கப்போவதில்லை.

சட்டக் கணக்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில், இப்படி மாற்றின உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று வைத்தார்கள். இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தார்கள், "விஏ" என்ற எழுத்தோடு, பத்து வருடத்துக்கு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000. அதற்கு நிபந்தனை, வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியரின் புல்லட் 2023-லேயே ஐம்பதைத் தொட்டுவிட்டது. கட்டிங் மெஷின் ஓடின பத்து நிமிடத்தில் அந்தத் தகுதி போயிற்று.

அரசாங்கத்தையும் சும்மா விடமாட்டேன். அந்த விஏ வண்டியை எடுத்துக்கொண்டு தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான். சாதாரணப் பதிவிலேயே ஓட்டுவோம் என்றால், இருபது வருடம் தாண்டிய இரு சக்கர வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கிவிட்டார்கள். ஒழுங்காக வைத்து ஓட்டுகிறவனுக்கும் தண்டம், அறுத்தவனுக்கும் தண்டம் என்றால், பையன்கள் எதை மதிப்பார்கள்?

சரி, கஃபே ரேசருக்கு வருகிறேன். அந்த உருவம் சும்மா வந்ததில்லை. ஐம்பது அறுபதுகளில் லண்டன் பக்கத்துப் பையன்கள், கையில் இருந்த ஒரே வண்டியை வேகமாக ஓட்ட, எடையைக் குறைத்தார்கள், குனிந்து ஓட்ட ஹேண்டில்பாரை இறக்கினார்கள். அவர்களுக்குத் தேவை இருந்தது. எங்கள் பக்கத்தில் பால் கேன் தொங்கவிட வண்டிக்கு இரும்புக் கொக்கி அடித்துக்கொண்ட விவசாயிக்கும் தேவை இருந்தது. ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டின ஊர் இது. மாற்றம் செய்கிறவனை நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் கும்பிடுவோம். ஆனால் காந்திபுரம் சிக்னலில் நாற்பது விநாடி குனிந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவனுக்கு என்ன தேவை? செல்போனில் பார்த்த படம்தான் தேவை. அந்த சைலன்சரும் அப்படித்தான். ராத்திரி பதினொரு மணிக்கு டி.பி. ரோட்டில் ஒருவன் போனால் மூன்று தெரு விழித்துக்கொள்கிறது.

இந்த விஷயத்தில் ஜி.டி.நாயுடுவை இழுக்காமல் கோயம்புத்தூர்க்காரன் யாரும் பேச்சை முடிக்க மாட்டான், நானும் இழுக்கிறேன். கலங்கல் கிராமத்துப் பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப்போனார். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே ரட்ஜ் வண்டியை வாங்கினார். வாங்கின பிறகு என்ன செய்தார்? முழுசாகக் கழற்றினார். திரும்பப் பூட்டினார். வண்டி ஓடியது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டினதும், பிறகு ஊருக்கே மோட்டார் செய்ததும் அதற்குப் பிற்பாடு. எதையும் மாற்றிப் பார்க்கிற மனுஷன்தான் அவர். ஆனால் முதலில் பூட்டிக் காட்டினார். இப்போது அவினாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர். அதன்மேல் அறுத்த சைலன்சரோடு பறக்கிறார்கள்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, ஏனென்றால் என் பங்கும் இதில் உண்டு. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கைத்தொழிலும் ஒரு பாடம். பள்ளிக்கு வந்த பிறகு, வாரத்தில் இருந்த கைவேலைப் பீரியடுகளைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இந்தப் பையன் அப்போது பெஞ்சுக்கு அடியில் உடைந்த டைம்பீஸ் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருப்பான். பிடுங்கி மேசை டிராயரில் போட்டேன். வருடக் கடைசியில் திருப்பிக் கொடுத்தேனா என்று நினைவில்லை. அன்றைக்கு, "சரி, இப்ப திரும்பப் பூட்டிக் காட்டு கண்ணு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் போன் செய்தேன். சாந்தமாகப் பேசினேன் என்று சொல்ல முடியாது. கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. வண்டியை வாங்கின ஐ.டி. பையன் ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோயிருக்கிறான். பார்த்த அதிகாரி, இது ஆர்.சி.யில் இருக்கிற வண்டி இல்லை, பழையபடி ஆக்கிக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது வண்டி கடை மூலையில் நிற்கிறது. வாங்கினவன் பணத்தைக் கேட்கிறான். படம் அனுப்பினது பாராட்டுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

"அறுத்த துண்டு எங்க கண்ணு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பழைய இரும்புக்குப் போட்டுட்டனுங்க சார்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மெக்கானிக் அண்ணனும் வருகிறார். நோட்டு ஒன்று வாங்கி வைத்தாயிற்று. இந்த முறை எழுதப்போவது அவன். திரும்ப வைக்கிற வெல்டிங் ஒரு தழும்பாகத்தான் இருக்கும், அதற்கு வழியில்லை.

நண்பர்களிடம் ஒரு உதவி. முன்பக்கம் அடிபட்டு உதவாமல் போன 1970-களின் 350 புல்லட் சேசிஸ் யாரிடமாவது கிடந்தால், பின்பக்கக் குழாய் மட்டும் நேராக இருந்தால் போதும், இன்பாக்ஸில் சொல்லுங்கள். திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு எதுவானாலும் வந்து எடுத்துக்கொள்கிறோம். பின் மட்கார்டும் ஹெட்லைட் கூடும் கூட இருந்தால் இன்னும் நல்லது. துரு இருந்தால் பரவாயில்லை.