குளிர்கால கிளப் ரைடு: காத்திருப்பது வேறு, கூடவே போவது வேறு!

பிரிட்டனில் குளிர்காலம் வந்துவிட்டால் சைக்கிளை ஷெட்டில் பூட்டிவிட்டு எல்லோரும் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள் என்றுதான் தோன்றும். நடப்பதோ வேறு. டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குச் சின்னச் சின்ன ஊர்களில்கூட, கடைத்தெரு ஓரமாகப் பத்துப் பதினைந்து பேர் சைக்கிளோடு நிற்பதைப் பார்க்கலாம். ஐ.டி. ஊழியர், நர்ஸ், ரிட்டயர் ஆன வாத்தியார், கல்லூரி மாணவி என எல்லாரும் கலந்த கூட்டம். 50, 60 கிலோமீட்டர் சுற்றி, நடுவில் ஒரு கஃபேயில் டீ குடித்து, மதியத்துக்குள் வீடு திரும்புவார்கள். இதற்குப் பெயர் கிளப் ரன். சில கிளப்கள் ‘சோஷியல் ரைடு’ என்று அறிவிக்கின்றன.

அந்த அறிவிப்பில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். கோடையில் இந்த வரி ஒரு மரியாதை. குளிர்காலத்தில் இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வாக்குறுதி. பல இடங்களில் அது சரியாகக் காப்பாற்றப்படுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

இந்தக் கிளப்கள் எப்போதிருந்து இருக்கின்றன?

சைக்கிள் கிளப் என்பது அங்கே நேற்று முளைத்த ஃபிட்னஸ் மோகம் கிடையாது. இன்று ‘சைக்கிளிங் யுகே’ என்று அழைக்கப்படும் அமைப்பு, 1878-ல் வடக்கு இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் ‘பைசைக்கிள் டூரிங் கிளப்’ என்ற பெயரில் தொடங்கியது. இப்போது நாம் ஓட்டும் வடிவத்தில் சைக்கிளே அப்போது வரவில்லை. முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த காலம் அது. 1894-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கிளாரியன் கிளப், வேலைக்குப் போகும் சாதாரண மக்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துப் புகையிலிருந்து கிராமத்துச் சாலைக்குக் கூட்டிப்போனது.

பந்தயம் ஓட்டுபவர்களுக்கும் குளிர்காலம் ஓய்வான பருவம். மலையேற்றப் போட்டிகள் அக்டோபர் வாக்கில் முடிந்துவிடும். அதன்பிறகு வசந்தம் வரை வேகத்தைக் குறைத்து, நீண்ட தூரம் நிதானமாக மிதிப்பது பழைய வழக்கம். அதனால்தான் வேகமான ஆளும் புதிய ஆளும் ஒரே வரிசையில் ஓட்ட வாய்ப்புள்ள பருவமாக இது இருக்கிறது. கிளப்பில் புதிதாகச் சேர இதைவிட நல்ல நேரம் கிடையாது.

வீட்டுக்குள்ளேயே ஓட்டலாமே, எதுக்கு இந்தப் பனியில?

நியாயமான கேள்விதான். 2014-ல் அறிமுகமான ஸ்விஃப்ட் மாதிரியான செயலிகள் வந்தபிறகு, சைக்கிளை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, திரையில் ஓடும் சாலையைப் பார்த்துக்கொண்டே வீட்டில் மிதிக்கலாம். பனியில்லை, பஞ்சர் இல்லை, பின்னால் ஹார்ன் அடிக்கும் லாரியும் இல்லை. உடம்பைத் தேற்றுவது மட்டுமே நோக்கம் என்றால் இது போதும்.

ஆனால், டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் வெளிச்சம் 8 மணி நேரத்துக்கும் குறைவு. எடின்பரோவில் சுமார் 7 மணி நேரம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை இருட்டில் ஆபீஸ் போய் இருட்டில் திரும்புபவருக்கு, வெயில் முகத்தில் படுவதே சனி, ஞாயிறில்தான். தனிமையைப் பொதுப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு, 2018 ஜனவரியில் அதற்கென ஓர் அமைச்சருக்குப் பொறுப்பு கொடுத்த நாடு அது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போய், ஒற்றை அறையில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் இளைஞருக்கு அந்தத் தனிமை என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திரையில் நூறு பேர் கூட ஓட்டலாம். செயின் அறுந்தால் இறங்கி வந்து மாட்டிக் கொடுக்க அதில் ஒருவரும் வரமாட்டார்கள். குரூப் ரைடு கொடுப்பது அதைத்தான். இரண்டு இரண்டு பேராகப் பக்கத்தில் ஓட்டும்போது பேச்சு தானாக வரும். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. கூச்ச சுபாவக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவது சட்டப்படி சரியா?

சரிதான். பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு 2022 ஜனவரியில் திருத்தப்பட்டபோது இது இன்னும் தெளிவாக்கப்பட்டது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். பெரிய குழுவிலும், குழந்தைகளோடும், அனுபவம் குறைந்தவர்களோடும் போகும்போது அதுவே பாதுகாப்பாக இருக்கக்கூடும் என்கிறது விதி 66. அதேநேரம், பின்னால் வரும் வண்டியைக் கவனித்து, பத்திரமான இடத்தில் வழிவிடவும் சொல்கிறது. கார் ஓட்டுநர்கள் மணிக்கு 30 மைல் (சுமார் 48 கி.மீ.) வரையிலான வேகத்தில் சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும்.

‘ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போறாங்க’ என்று கோபப்படும் ஓட்டுநர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 பேர் ஒற்றை வரிசையில் போனால் வரிசையின் நீளம் எவ்வளவோ, இரட்டை வரிசையில் அதில் கிட்டத்தட்ட பாதிதான். தாண்ட எதிர்த் தடத்தில் இருக்க வேண்டிய தூரமும் குறைகிறது. மூடுபனி நாளில் அது எல்லோருக்குமே நல்லது.

குளிர் என்ன செய்யும்?

இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. வெப்பநிலை 0 டிகிரி என்று போன் காட்டினாலும், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் ஒருவரின் தோலுக்கு அது மைனஸ் 6 டிகிரி போலத் தெரியும். முதலில் விரல்கள் மரத்துப்போகும். விரல் மரத்தால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது, கியர் மாற்ற முடியாது, பஞ்சரான டயரைக் கழற்றவும் முடியாது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். தார் ரோட்டின் மேல் கண்ணாடி போல உறைந்து, வெறும் ஈரம் மாதிரி ஏமாற்றும். காற்று 2, 3 டிகிரியில் இருந்தாலும் தரை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கலாம். வெயில் படாத வளைவு, மரநிழல், பாலத்தின் மேல்பகுதி ஆகியவைதான் ஆபத்தான இடங்கள். குரூப்பில் முன்னால் ஒருவர் வழுக்கினால் பின்னால் வரும் நாலு பேரும் அவர்மேல் விழுவார்கள். முன்னால் போகிறவர் ‘ஐஸ்!’, ‘குழி!’ என்று கத்துவதும், கையால் காட்டுவதும், அதை ஒவ்வொருவராகப் பின்னுக்குக் கடத்துவதும் சம்பிரதாயம் கிடையாது. பின்னால் இருப்பவருக்கு அதுதான் கண்.

மட்கார்டு விவகாரமும் இப்படித்தான். ஈர ரோட்டில் பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் நேராகப் பின்னால் வருபவரின் முகத்துக்குப் போகும். அதனால்தான் பல கிளப்கள் குளிர்காலத்தில் முழு மட்கார்டு கட்டாயம் என்கின்றன. உங்கள் சைக்கிளின் மட்கார்டு உங்களைக் காப்பாற்றுவதைவிட அடுத்தவரைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது. குரூப் ரைடின் தத்துவத்தையே ஒரு பிளாஸ்டிக் பட்டையில் அடக்கிவிட்ட மாதிரி!

சிக்கல் எங்கே?

‘சோஷியல் ரைடு, மணிக்கு 22 கி.மீ.’ என்று போடுவார்கள். கிளம்பி அரைமணி நேரத்தில் முன்வரிசையில் இரண்டு பேருக்கு உற்சாகம் வந்துவிடும். கையில் கட்டிய கருவியில் சராசரி வேகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் செயலியில் ஏற்ற வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள். 22 மெல்ல 26 ஆகும். ஏற்றத்தில் குரூப் பிய்ந்துபோகும். மேலே போய் நின்று, பின்தங்கியவர்களுக்காகக் காத்திருப்பார்கள். ‘நாங்கதான் நின்னோமே, யாரையும் விட்டுட்டுப் போகலையே’ என்பார்கள்.

கோடையில் இந்த வாதம் செல்லும். குளிர்காலத்தில் செல்லாது. ஏற்றத்தில் முக்கி மிதித்து வியர்த்தவர், மேலே காற்றில் பத்து நிமிடம் நின்றால் அந்த வியர்வையே அவரைக் குளிரவைத்துவிடும். கடைசியாக வந்து சேருபவரின் கதி இன்னும் மோசம். அவர் வந்ததும் மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். யாருக்கு மூச்சுவாங்க நேரம் தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைக்காது. களைத்தவர் மறுபடி பின்தங்குவார், காத்திருப்பு மறுபடி நீளும். ஆக, ஓடிப்போய் நிற்கும் முறையில் வேகமானவருக்கும் நஷ்டம், மெதுவானவருக்கும் நஷ்டம்.

எனவே, குளிர்காலத்தில் ‘விட்டுவிட்டுப் போக மாட்டோம்’ என்பதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும்: மிக மெதுவானவரின் வேகத்தில் எல்லோரும் சேர்ந்தே போவது. காத்திருப்பது வேறு, கூடவே போவது வேறு.

வேகமாக ஓட்ட ஆசைப்படுவது தப்பா?

தப்பே இல்லை. வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஞாயிறன்று வேர்க்க விறுவிறுக்க ஓட்ட நினைப்பவருக்கும் கிளப்பில் சம உரிமை உண்டு. புதியவர்களுக்காக அவர் காலத்துக்கும் தியாகம் செய்ய வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. தீர்வு எளிது: தனித்தனிக் குழுக்கள். வேகக் குழுவுக்கு வேகக் குழு என்றே பெயர் வைக்கட்டும். பிரச்சினை வேகத்தில் இல்லை, ‘சோஷியல்’ என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே பந்தயம் ஓட்டுவதில் இருக்கிறது.

மெதுவான குழுவை நடத்துவது அனுபவசாலிக்கு இறக்கம் என்று நினைப்பவர்கள், பெரில் பர்ட்டனின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். லீட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் பல மாதம் படுத்த படுக்கையாக இருந்தவர். கணவர் சார்லி மூலமாக சைக்கிள் கிளப்புக்கு அறிமுகமானபோது அவர் ஒன்றும் புலி இல்லை. கூட ஓட்டியவர்கள் அவ்வப்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. மோர்லி கிளப்பின் அதே பெரில் பிற்பாடு 7 முறை உலக சாம்பியன் ஆனார். 1967-ல் 12 மணி நேரப் போட்டியில் 277.25 மைல் ஓட்டி, ஆண்களின் சாதனையையே தாண்டினார். பெண்கள் பிரிவில் அந்தத் தூரம் 50 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது.

ஏற்றத்தில் திணறிய அந்தப் பெண்ணை யாரும் தள்ளிவிடாமல், ‘முடிஞ்சா வாங்க’ என்று போயிருந்தால்? எல்லோரும் பெரில் ஆகப்போவதில்லை. ஆனால் யார் ஆவார்கள் என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது.

அப்படின்னா என்ன செய்யணும்?

கிளப்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வேகம், தூரம், ஏற்றம் மூன்றையும் உண்மையாக அறிவிக்க வேண்டும். முன்னால் ஒரு வழிகாட்டி இருப்பதுபோல, கடைசி ஆளுக்குப் பின்னால் அனுபவமுள்ள ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் முன்னால் இருப்பவருக்கு அல்லாமல், பின்னால் இருப்பவருக்கு இருந்தால் இன்னும் நல்லது. குரூப் பிய்வது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். பாதி வழியில் வீடு திரும்ப வசதியான பாதையாகப் பார்த்துப் போட வேண்டும். தரை உறைந்திருந்தால் ரைடை ரத்து செய்து, அதே நேரத்தில் அதே கஃபேயில் கூடலாம். ஆள் பார்க்கத்தானே முக்கியமாக வருகிறார்கள்.

புதிதாக வருபவருக்கும் கடமை உண்டு. தன்னால் எவ்வளவு முடியும் என்பதைக் கூச்சப்படாமல் முன்பே சொல்ல வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மட்கார்டு, ஸ்பேர் டியூப், பம்ப், கூடுதலாக ஒரு ஜோடி கையுறை இருக்க வேண்டும். ‘யாராவது வச்சிருப்பாங்க’ என்று வெறுங்கையோடு வந்தால், ஒருவர் பஞ்சருக்காகப் பதினைந்து பேர் குளிரில் நடுங்க வேண்டிவரும். பல கிளப்கள் உறுப்பினராகச் சேருமுன் சில ரைடுகளுக்கு விருந்தாளியாக வர அனுமதிக்கின்றன. அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சேரலாம்.

இந்த ரைடுகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஞாயிறு காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வருபவர்கள் மேல் குறை சொல்வது சுலபம். ஆனால், வாக்குறுதி கொடுத்தபிறகு அதற்குப் பொறுப்பும் வந்துவிடுகிறது. மாலை 4 மணிக்கே இருட்டிவிடும் நாட்டில், பழக்கமில்லாத கிராமத்துச் சாலையில், சிக்னல் இல்லாத போனோடு ஒருவர் தனியாக விடப்பட்டால், அது வெறும் மனவருத்தத்தோடு முடியாமலும் போகலாம். பத்திரமாக வீடு சேர்ந்தாலும், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். புகாரும் சொல்ல மாட்டார். சத்தமில்லாமல் நின்றுவிடுவார்.

ஒரு கிளப் எவ்வளவு நல்ல கிளப் என்பதற்கு, அதன் வேகமான ஆள் எத்தனை கி.மீ. வேகம் போனார் என்பது அளவுகோல் இல்லை. ஜனவரியில் முதல்முறை வந்த எத்தனை பேர் பிப்ரவரியிலும் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.