நாய் விழுங்கும் கவருக்கு நாம்தான் பொறுப்பு

நம்ம இயற்கைத் தோட்டங்களில் யூரியா மூட்டை கிடையாது, பூச்சிக்கொல்லி டப்பா கிடையாது. ஆனால் களையெடுக்க ஆள் வந்த நாளில் வரப்போரம் போய்ப் பாருங்கள். சாம்பார் கட்டி வந்த கவர், டீ வாங்கி வந்த கவர், பரோட்டா மடித்த பாலித்தீன் தாள் எல்லாம் கிடக்கும். நமக்கு அது குப்பை. ராத்திரியெல்லாம் முழித்திருந்து காட்டுப்பன்றி விரட்டும் நாய்க்கு அது சாப்பாடு.

குழம்பு வாசம் வந்தால் நாய் முடிச்சோடு விழுங்கிவிடும். சின்னத் துண்டென்றால் பெரும்பாலும் சில நாளில் மலத்தோடு வந்துவிடும். பெரிய கவர் குடலை அடைக்கும். கட்டிய நூல் அதைவிட ஆபத்து. ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால் குடலைச் சுருக்கி அறுத்தே விடும்.

அந்த நேரத்தில் உப்புத்தண்ணி ஊற்றுவதும் விளக்கெண்ணெய் புகட்டுவதும் ஊர் வழக்கம். இரண்டும் வேண்டாம். உப்பு அதிகமானால் அதுவே விஷம். புகட்டும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கலாம். அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கேடுதான் செய்யும். நான் கைவைத்தியத்துக்கு எதிரி இல்லீங்க. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசுகிறவன்தான். ஆனால் பிளாஸ்டிக் அடைப்புக்கு நம் முன்னோரிடம் மருந்து இல்லை, ஏனென்றால் அந்த நோயே அவர்கள் காலத்தில் இல்லை. அன்று நாய் தின்றது வாழையிலையையும் மந்தாரை இலையையும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எதை, எவ்வளவு, எப்போது விழுங்கியது என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள். மிச்சக் கவர் இருந்தால் எடுத்துப் போங்கள். சீக்கிரம் போனால் அறுவை இல்லாமலே எடுக்க வழி இருக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, தீனி எடுக்காமை, மலம் போகாமை, வயிற்றைத் தொட்டால் கத்துவது, சுருண்டு படுப்பது, இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. பிளாஸ்டிக் பல நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது. படத்தில் ஒன்றுமில்லை என்றாலும் வாந்தி நிற்காவிட்டால் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு.

மாட்டின் கதை இன்னும் மோசம். முதல் வயிற்றில் தங்கிய கவர் சாணத்தில் வராது. வருசக்கணக்கில் சேர்ந்து பந்தாகிவிடும், வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும். பஞ்சகவ்யத்துக்குச் சாணம் தரும் மாட்டுக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுவா?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கடையில் சோதனை போடும் அதிகாரி நம் வரப்புக்கு வரப்போவதில்லை. தடையை நாமே போடுவோம். தோட்டத்தில் நாலு தூக்குவாளி வாங்கி வையுங்கள், டீயும் குழம்பும் அதில் வரட்டும். சோற்றுக்கு இலை. மீறி வரும் கவருக்கு நாய் எட்டாத உயரத்தில் ஒரு சாக்கு கட்டுங்கள். சாப்பாடு முடிந்ததும் வரப்பை ஒருமுறை நடந்து பார்ப்பது நிலத்துக்காரர் வேலை. அதைக் கூலிக்கு வந்தவர் தலையில் கட்டாதீர்கள்.

மண்புழுவுக்காக உரத்தை விட்டோம். நாய்க்கும் மாட்டுக்கும் கவரை விடுவது அதைவிடச் சுலபம்தானே?