செக்ரோலில் ஏறாத வேலைகள்

தோட்டத்தில் ஓர் ஆள் ஒரு நாள் உழைத்தால் அந்த நாள் செக்ரோலில் ஏறிவிடும். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். மாதக் கடைசியில் கிராணியார் கணக்குப் பார்ப்பார். ஒரு நாள் விடுபட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா? ஆபீசுக்கே போய்க் கேட்டுவிட மாட்டோமா?

ஆனால், அன்புள்ள வாசகர்களே, வீட்டு வேலைகளை எந்தச் செக்ரோலில் எழுதி வைத்திருக்கிறோம்? பெரியவருக்குக் கிளினிக்கில் கொடுத்த தேதி, இரத்த அழுத்த மாத்திரை தீரும் நாள், மோட்டார் சைக்கிளின் ரோட் டெக்ஸ், பிள்ளைகளின் பள்ளி வேன் காசு, தவணை கட்டும் நாள் எல்லாம் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கின்றன. அது வீட்டுத் தாயின் தலை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோனவர்கள் வீட்டிலும் இதே கதைதான். அவள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் குடும்பத்தின் ஞாபகமும் அவளோடு படுத்துவிடுகிறது.

இதற்கென்றே இப்போது கைப்பேசியில் செயலிகள் வந்திருக்கின்றன. செய்ய வேண்டியதை எழுதி வைத்தால் உரிய நேரத்தில் மணியடித்து நினைவூட்டும். 'இதெல்லாம் ஆபீஸ்காரர்களுக்கு. விடிவதற்கு முன் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும் நமக்கு எதற்கு?' என்று தோன்றலாம். அப்படி ஒதுக்கிவிடவும் வேண்டாம், அடுத்த வீட்டார் சொன்னார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு இறக்கிக்கொள்ளவும் வேண்டாம். வெங்காயம் வாங்கினாலே அழுத்திப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? இதையும் அப்படிப் பார்ப்போம்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'டு டூ' என்னும் செயலியை எடுத்துக்கொள்வோம். இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

முதலில், எழுதுவது எளிதா? எளிதுதான். கைப்பேசியில் தமிழ் எழுத்து இருந்தால் தமிழிலேயே எழுதலாம். தேதி குறிக்கலாம், மணி வைக்கலாம். மாதந்தோறும் வருவதை மாதத்துக்கு ஒரு முறை என்றும், ரோட் டெக்ஸ் போன்றதை வருடத்துக்கு ஒரு முறை என்றும் குறித்துவிட்டால், ஒன்றை முடித்ததும் அடுத்தது தானாகவே வந்து நிற்கும். லைன் கிடைக்காத காட்டிலும் எழுதலாம். லைன் வந்ததும் மற்றவர் கைப்பேசிக்குப் போய்ச் சேரும்.

பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தும் எழுதலாம். நம் நாட்டில் பிள்ளைக்கு 12 வயதானதும் மைகார்டு எடுக்க வேண்டும், 18 வயதில் அதை மாற்ற வேண்டும். 'மகளுக்கு மைகார்டு' என்று எழுதி, அதன் கீழே பிறப்புப் பத்திரத்தைத் தேடுவது, கூடப் போவது அம்மாவா அப்பாவா என்று முடிவு செய்வது, அந்த நாளுக்கு லீவு சொல்வது என்று மூன்று படிகளைப் போட்டுவிடலாம். பத்திரங்களைத் தள்ளிப்போட்டதால் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் அலைந்த குடும்பங்களை நாம் பார்க்காதவர்களா?

அடுத்தது மணி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பகல் பத்து மணிக்கு அது அடித்தால் நீங்கள் செம்பனைக் காட்டில் இருப்பீர்கள், கைப்பேசியோ பைக்குள் இருக்கும். ஆகவே எல்லாரும் வீட்டிலிருக்கும் இரவு நேரத்தில் மணி வையுங்கள். அதையும் கெடு முடிகிற நாளில் வைத்துப் பயனில்லை. பணம் புரட்ட வேண்டிய காரியமானால் சம்பளத்துக்கு மறுநாள் அடிக்கட்டும். கையில் காசு இருக்கும்போது ஞாபகம் வந்தால்தானே எடுத்து வைக்க முடியும்?

மூன்றாவதாக, 'மை டே' என்றொரு பக்கம் இருக்கிறது. அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றை மட்டும் நாமே பொறுக்கி அதில் வைக்கிறோம். இரவு கடந்ததும் அந்தப் பக்கம் காலியாகிவிடும். முடியாத வேலை தொலைந்து போவதில்லை, தன் பழைய பட்டியலிலேயே இருக்கும். மறுநாள் மறுபடியும் பொறுக்கிக்கொள்ளலாம். நேற்று முடியாமல் போனதெல்லாம் காலையிலேயே நம் முகத்தில் விழிக்காது. மூன்று நான்கு வேலைகளுக்கு மேல் அதில் ஏற்றாதீர்கள். இருபதை எழுதி வைத்தால் மலைப்புத்தான் மிஞ்சும்.

இதை நம்பி இருக்கலாமா என்பதையும் கேட்க வேண்டும். 'வுண்டர்லிஸ்ட்' என்று ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் பிறந்த செயலி ஒன்று இருந்தது. பலருக்கும் பிடித்த செயலி அது. 2015-ல் மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. 2020 மே 6-ஆம் நாள் மூடியது. பட்டியலை 'டு டூ'வுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள் என்றாலும், நம் செக்ரோல் பிறர் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. முக்கியமான தேதிகளைச் சுவர்க் காலண்டரிலும் குறித்து வையுங்கள். கைப்பேசி பார்க்கத் தெரியாத பாட்டிக்கும் அது உதவும். வங்கியின் இரகசிய எண்ணை மட்டும் எந்தச் செயலியிலும் எழுதாதீர்கள்.

எழுதி வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2018-ல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 57 இளவயதினரைப் படுக்கைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பாதிப் பேர் முடித்த வேலைகளையும், மறு பாதிப் பேர் இனிச் செய்ய வேண்டிய வேலைகளையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். விடிகாலையில் எழ வேண்டியவருக்கு ஒன்பது நிமிடமும் பெரிதல்லவா? இதற்குச் செயலிகூட வேண்டியதில்லை, பிள்ளைகளின் பழைய கொப்பியே போதும்.

அப்படியானால் கொப்பியால் முடியாதது எது? ஒரே பட்டியலைப் பலர் கையில் கொடுப்பதுதான். 'டு டூ'வில் ஒரு பட்டியலைக் கணவருக்கும் மூத்த மகளுக்கும் மகனுக்கும் அனுப்பிவிடலாம். ஆளுக்கொரு கணக்கைத் திறந்துகொள்ள வேண்டும், அது கொஞ்சம் சிரமம்தான். பிறகு எந்த வேலை யாருக்கு என்று பெயர் போடலாம். ஒருவர் முடித்து டிக் போட்டால் மற்ற எல்லாருக்கும் தெரியும்.

சகோதரிகளே, செயலியின் தரத்தை இங்கேதான் அளந்து பார்க்க வேண்டும். அம்மா ஒருத்தியே எழுதி, அவள் ஒருத்தியே மணியைக் கேட்டு, அவள் ஒருத்தியே ஓடுவதென்றால், அது அவளுக்கு இன்னொரு கங்காணி. நமக்கு வேண்டியது இன்னொரு கங்காணி அல்ல, கூட ஓர் ஆள்.

ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். சம்பள நாள் இரவு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த மாதத்துக் காரியங்களில் பத்தை மட்டும் எழுதுங்கள். அப்பா, மகன், மகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போடுங்கள். டிக் போடுவது அந்த வேலையைச் செய்தவராகவே இருக்கட்டும். மாத முடிவில் எத்தனை டிக்குகள் அம்மாவுடையவை என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது அம்மாவுடையதாக இருந்தால் குறை செயலியில் இல்லை. அன்றிரவே பெயர்களை மாற்றி எழுதிவிட்டு, அடுத்த மாதத்தைத் தொடங்குங்கள்.